ஏற்காட்டு எஸ்டேட் ஜீப் பிக்கப்பைப் புதுப்பித்தல்: முதல்முறை ஸ்பேனர் பிடிப்பவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வண்டியைப் பார்க்கப் போன அன்று அதன் பின்பாடியில் இரண்டு காப்பிச் செடி முளைத்து நின்றது. ஏற்காட்டில் நாகலூர் போகும் பக்கம், ஒரு எஸ்டேட் கொட்டகை. பலகை இடுக்கில் தங்கிய மண்ணும் காப்பிப் பழத் தோலும் மக்கி உரமாகியிருந்தது. "மூணு வருஷம் முன்னாடி வரைக்கும் ஓடிட்டிருந்த வண்டிங்க" என்றார் விற்றவர். செடியின் தண்டைப் பார்த்தால் கணக்கு கொஞ்சம் உதைத்தது.

1960களின் கடைசியில் வந்த பெட்ரோல் ஜீப், பின்னால் தொட்டி வைத்த பிக்கப். அதுவரை நான் ஸ்பேனர் பிடித்தது சைக்கிளுக்கு மட்டும்தான். சேலத்தில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வேலை பார்த்து, இரண்டரை வருடத்தில் அதை மறுபடி மலையேற்றினேன். என்னைப் போலவே ஒன்றும் தெரியாமல் இறங்குகிறவருக்காக இதை எழுதுகிறேன். அளவுகள் எல்லாம் ஜீப்பின் ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சினுக்கு உரியவை. வேறு வண்டியென்றால் அளவு மாறும், வேலையின் வரிசை மாறாது.

அந்த வரிசையில்தான் பலரும் தவறுகிறார்கள். பழைய வண்டி வாங்கியதும் கை முதலில் பெயிண்டுக்குப் போகிறது, அடுத்து எஞ்சினுக்கு. ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே ஏற முடியாத வண்டி நடு ரோட்டில் நிற்கும், அவ்வளவுதான். இறங்கும்போது நிற்காத வண்டி என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் என் வரிசை இது: காகிதம், சேஸிஸ், பிரேக், அதற்கப்புறம் எஞ்சின், எல்லாம் முடிந்தபின் பெயிண்ட்.

காசு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். வண்டிக்குக் கொடுத்த விலையைப் போல மூன்று மடங்கு அதன்மேல் செலவானது. என் கூலியை அதில் சேர்க்கவில்லை.

முதலில் ஆர்.சி.

காகிதம் இல்லாத வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அது இரும்பு விலைக்குக்கூட ஆகாது. ஆர்.சி.யைக் கையில் வாங்கி மூன்றைப் பாருங்கள்: சேஸிஸ் எண், எஞ்சின் எண், பாடி வகை. எஸ்டேட் வண்டிகளில் எஞ்சின் மாற்றியிருப்பது சர்வ சாதாரணம். பெட்ரோல் செலவு தாங்காமல் டீசல் எஞ்சினைத் தூக்கி வைத்துவிட்டு ஆர்.சி.யில் எழுதாமல் விட்டிருப்பார்கள். பாடியும் அப்படித்தான். ஜீப்பாகப் பதிவான வண்டியை அறுத்துத் தொட்டி வைத்திருப்பார்கள்.

சேஸிஸ் எண்ணைக் கண்ணால் மட்டும் பார்த்தால் போதாது. அந்த இடத்தை வயர் பிரஷ்ஷால் தேய்த்து, மெல்லிய தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்து மேலே உரசுங்கள். எண் தாளில் எழும்பி வரும். ஆர்.டி.ஓ. ஆபீசிலும் இந்தப் பென்சில் அச்சைத்தான் கேட்பார்கள். எழுத்துகளுக்கு நடுவே அரம் போட்ட தடம் தெரிந்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

பெயர் மாற்ற படிவம் 29, 30. ஆர்.சி. தொலைந்திருந்தால் காவல்நிலையச் சான்றோடு படிவம் 26. பதிவைப் புதுப்பிக்கப் படிவம் 25. விற்பவர் உயிரோடு இருக்கிறாரா, ஆர்.சி.யில் உள்ள பெயர் அவருடையதுதானா என்பதை வாங்குமுன் உறுதி செய்யுங்கள். தாத்தா பெயரில் இருக்கும் வண்டிக்கு வாரிசுச் சான்று தேடி அலைவது எஞ்சின் பிரிப்பதைவிடப் பெரிய வேலை. சரக்கு வண்டியாக மஞ்சள் போர்டில் பதிவாகியிருந்தால் எஃப்.சி. (தகுதிச் சான்று), பெர்மிட் எல்லாம் சேர்ந்து வரும். சொந்த உபயோகத்துக்கு மாற்ற முடியுமா என்று ஆபீசில் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, சொந்த உபயோகத்துக்கான வண்டிகளுக்கு மத்திய அரசு 2021 ஜூலையில் தனி விதி கொண்டுவந்தது. விண்டேஜ் என்று பதிவு செய்தால் நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், 10 வருடம் செல்லும். ஆனால் வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும். கண்காட்சி, ராலி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்ற காரியங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம், தினசரி ஓட்டக்கூடாது. சந்தைக்கு மூட்டை ஏற்ற நினைக்கிறவருக்கு இது சரிப்படாது. நான் பழைய மூன்றெழுத்து நம்பரையே வைத்துக்கொண்டு சாதாரணப் பதிவைப் புதுப்பித்தேன்.

சேஸிஸைப் படுத்துப் பாருங்கள்

வாங்கப் போகும்போது மூன்று பொருள் எடுத்துப் போங்கள்: பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தம், பழைய ஸ்க்ரூடிரைவர், டார்ச். பாடி முழுக்கக் காந்தத்தை ஓட்டுங்கள். ஒட்டாமல் நழுவும் இடத்தில் பெயிண்டுக்குக் கீழே தகரம் இல்லை, பட்டிதான் இருக்கிறது. பிறகு வண்டிக்கு அடியில் படுத்து, சேஸிஸ் நெடுகிலும் ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு 'டிங்' என்னும். அரித்த இரும்பு 'தொப்' என்று மட்டையாகக் கேட்கும். வண்டியின் எடையைத் தாங்கும் கமான் பட்டை மாட்டும் பிராக்கெட் பக்கமும், பின் குறுக்குச் சட்டத்தின் உள்பக்கமும்தான் முதலில் அரிக்கும். மேலே ஏற்காட்டில் மூடுபனி, மழையில் ஊறிய மண், போதாக்குறைக்கு உர மூட்டை ஏற்றியிருந்தால் அந்த உப்பும் சேர்ந்து இரும்பைத் தின்றிருக்கும்.

தகரத்தில் ஓட்டை இருந்தால் பயப்பட வேண்டாம், தகரம் மாற்றலாம். சேஸிஸ் முறுக்கியிருந்தாலோ, ஸ்டியரிங் பாக்ஸ் உட்காரும் இடத்தில் விரிசல் இருந்தாலோ, முதல் வண்டியாக அதை எடுக்க வேண்டாம்.

இடமும் ஸ்பேனரும்

வேலையை மேலே செய்யலாமா, சேலத்தில் செய்யலாமா என்று கொஞ்ச நாள் யோசித்தேன். ஏற்காட்டுக் குளிர் உடம்புக்குச் சுகம், இரும்புக்கு ஆகாது. காலையில் சுத்தம் செய்து வைத்த தகரம் மறுநாள் காலை பழுப்பேறி நிற்கும். சேலத்து வெயிலில் வியர்த்துக் கொட்டினாலும் இரும்பு காய்ந்து கிடக்கும். லேத், வெல்டிங், பட்டை வேலை எல்லாம் கூப்பிடு தூரம். சங்ககிரியும் நாமக்கல்லும் லாரி ஊர்கள். பட்டை அடிக்கவும் பலகை போடவும் அங்கே கிடைக்கும் கை வேறெங்கும் கிடைக்காது.

ஸ்பேனர் விஷயத்தில் நான் முதல் நாளே அடி வாங்கினேன். புது ஸ்பேனர் செட் வாங்கி வந்து உட்கார்ந்தால் ஒரு நட்டுக்கும் சரியாகப் பொருந்தவில்லை. இந்த ஜீப்பின் நட்டு போல்ட் எல்லாம் அங்குலக் கணக்கு. முக்கால்வாசி இடத்தில் வருவது 9/16. அது 14.29 மில்லிமீட்டர். 14 ஸ்பேனர் உள்ளே போகாது. 15 போகும், ஆனால் அழுத்தினால் நட்டின் முனை மழுங்கிவிடும். இப்படி நான்கு நட்டை உருண்டையாக்கிய பிறகுதான் பழைய இரும்புக் கடையில் அங்குல ரிங் ஸ்பேனர் தேடினேன். 7/16, 1/2, 9/16, 5/8, 3/4 இருந்தால் பெரும்பாலான வேலை முடியும். கூடவே டார்க் ரெஞ்ச் (முறுக்கும் அளவு காட்டும் ஸ்பேனர்), ஃபீலர் கேஜ் (மெல்லிய இடைவெளி அளக்க), கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டர் அழுத்தம் அளக்க), ஹப் புல்லர் (சக்கரத்தின் நடுக்குடத்தை இழுத்துக் கழற்ற), கனமான ஸ்டாண்ட் நான்கு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள். ஹாலோ பிளாக் கல்லும் கூடாது, அது சொல்லாமல் கொள்ளாமல் உடையும்.

கழற்றும் ஒவ்வொரு பொருளையும் கழற்றுமுன் போட்டோ, கழற்றியபின் போட்டோ. போல்ட்டுகளைக் கழற்றிய ஓட்டையிலேயே மறுபடி இரண்டு மரை ஏற்றி வைத்துவிடுவது இன்னும் நல்லது. முடியாதவற்றை ஸ்வீட் டப்பாவில் போட்டு 'முன் இடது ஷேக்கிள்' என்று எழுதி ஒட்டுங்கள். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று ஒரே பக்கெட்டில் போட்ட போல்ட்டுகளைப் பிரிக்கவே எனக்கு ஒரு ஞாயிறு முழுக்கப் போனது.

இறுகிப்போன நட்டுக்கு டீசல் ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். நடுநடுவே சுத்தியலால் தட்டுங்கள், அதிர்வில்தான் எண்ணெய் மரைக்குள் இறங்கும். அதற்கும் அசையாவிட்டால் கேஸ் வைத்துச் சூடு காட்டலாம், பெட்ரோல் டேங்க் வண்டியில் இல்லாதபோது மட்டும்.

பிரேக்: இங்கே அவசரமே கூடாது

இந்த வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். எல்லாவற்றுக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளுவது), ஒரே லைன். இப்போதைய கார்களில் ஒரு லைன் போனாலும் இன்னொன்று பாதி பிரேக்காவது கொடுக்கும். இதில் ஓர் இடத்தில் ஒழுகினால் நான்கும் போச்சு. 'கொஞ்சம் பரவாயில்லாமல் இருக்கிற' பாகம் எதையும் பிரேக்கில் திரும்ப மாட்டாதீர்கள்.

டிரம்மைக் கழற்றியதும் காற்றடித்துத் தூசியை ஊதாதீர்கள். டிரம்மில் உரசும் பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், நுரையீரலுக்குப் போனால் திரும்ப வராது. தண்ணீர் தெளித்து ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். பின்பக்க ஹப் கூம்பான ஷாஃப்டில் இறுகி உட்கார்ந்திருக்கும், புல்லர் இல்லாமல் வராது. ஷாஃப்ட் முனையைச் சுத்தியலால் அடித்தால் மரை நசுங்கும், நட்டு ஏறாது.

டிரம்முக்குள் விரலை ஓட்டிப் பாருங்கள். பள்ளம் தட்டினால் லேத்தில் கொடுத்துக் கடையலாம். ஏற்கனவே பலமுறை கடைந்து மெலிந்ததென்றால் வேறு டிரம்தான். மெல்லிய டிரம் இறக்கத்தில் சூடேறி விரியும், பெடல் கீழே போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விலக்கினால் ஈரம் இருக்கிறதா? இருந்தால் கிட் (உள்ளே இருக்கும் ரப்பர் செட்) மாற்ற வேண்டும். உள்சுவரில் துரு குழி விழுந்திருந்தால் கிட் மாற்றியும் பிரயோசனமில்லை, சிலிண்டரையே மாற்றுங்கள். மாஸ்டர் சிலிண்டர் இருப்பது டிரைவர் காலடியில் தரைத் தகட்டுக்குக் கீழே. மழைத் தண்ணீரும் சேறும் நேராக அதன் தலையில் விழும். என்னுடையதைத் திறந்தபோது உள்ளே பிரேக் ஆயில் இல்லை, காப்பித் தண்ணி நிறத்தில் ஏதோ இருந்தது.

இனி பைப். இங்கேதான் என் கதை.

பழைய ஸ்டீல் பைப் எல்லாம் துரு பிடித்திருந்ததால் ஒரு கடையில் செம்பு பைப் போட்டுக் கொடுத்தார்கள். வளைக்கச் சுலபம், பார்க்க அழகு. முனையில் ஒற்றை மடிப்பாக விரித்திருந்தார்கள். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. வண்டியை இன்னும் கொட்டகையை விட்டே எடுக்கவில்லை. எஞ்சின் வேலைக்கு வழக்கமாக வரும் மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு, "தம்பி, பெடலை நல்லா மிதிச்சுப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணுல இருந்து அறுபது வரைக்கும் எண்ணுங்க, பாக்கலாம்" என்றார். உட்கார்ந்து மிதித்தேன். பெடல் கல் மாதிரி நின்றது. எண்ணினேன். இருபது வரைக்கும் ஒன்றுமில்லை. இருபத்து மூன்றில் காலுக்கடியில் ஏதோ நழுவுவது போல் பெடல் மெதுவாக இறங்க ஆரம்பித்தது. வலது முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் ஒரு சொட்டு. பிறகு இன்னொன்று. "இது எட்டாவது வளைவுல நடந்திருந்தா?" என்று மட்டும் கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

செம்பு அதிர்ந்து அதிர்ந்து கெட்டிப்பட்டு விரிசல் விடும். பண்டி என்ற ஸ்டீல் பிரேக் பைப் போடுங்கள், இல்லையென்றால் செம்பு-நிக்கல் கலவைப் பைப். முனை இரட்டை மடிப்பாக இருக்கட்டும். ஒற்றை மடிப்பு அந்த அழுத்தத்தில் பிளக்கும். ரப்பர் ஹோஸ்கள் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே ஊதி அடைத்திருக்கும், மூன்றையும் மாற்றுங்கள்.

பிரேக் ஆயில் டாட் 3 போதும். அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். திறந்து வைத்த டப்பாவை அடுத்த மாதம் ஊற்றக்கூடாது. பெயிண்டில் பட்டால் பெயிண்ட் உரியும். ஏர் எடுக்கும்போது, அதாவது லைனில் தங்கிய காற்றை வெளியேற்றும்போது, மாஸ்டரிலிருந்து பைப் நீளம் அதிகமுள்ள சக்கரத்தில் தொடங்கி, கிட்டே இருப்பதில் முடியுங்கள். ஒருவர் மிதிக்க, ஒருவர் சக்கரத்தில் உள்ள நிப்பிளைத் (காற்று வெளியேறும் திருகு) திறக்க. நிப்பிளில் மாட்டிய குழாயின் மறுமுனை ஆயிலில் முங்கியிருக்க வேண்டும். குமிழி நின்றதும் அடுத்த சக்கரம். பெடலில் அரை அங்குலம் ஃப்ரீ பிளே விடுங்கள். விடாவிட்டால் ஆயில் மாஸ்டருக்குத் திரும்ப வழியில்லாமல் பிரேக் பிடித்தபடியே நிற்கும். பிறகு அறுபது எண்ணுங்கள். நான் இப்போதும் வெளியூர் போகுமுன் எண்ணுகிறேன்.

ஹேண்ட் பிரேக் பற்றி ஒரு வார்த்தை. இந்த ஜீப்புகளில் அது சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேசுக்கு (முன், பின் சக்கரங்களுக்குச் சக்தி பிரிக்கும் பெட்டி) பின்னால் ஷாஃப்டில் இருக்கிறது. நின்ற வண்டியைப் பிடித்து வைக்கத்தான் அது. ஓடும்போது இழுத்தால் ஷாஃப்டும் கியரும் அடிவாங்கும்.

எஞ்சின்

ஹரிக்கேன் எஞ்சின் நான்கு சிலிண்டர், 134 கன அங்குலம், நம் கணக்கில் 2.2 லிட்டர். இன்லெட் வால்வு மேலே எஞ்சினின் தலை மூடியான ஹெட்டில், எக்ஸாஸ்ட் வால்வு கீழே சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கில். பக்கத்து மூடியைக் கழற்றினால் எக்ஸாஸ்ட் வால்வின் ஸ்பிரிங் தெரியும். வருடக்கணக்கில் நின்ற வண்டியில் இந்த வால்வுகள்தான் முதலில் ஒட்டிக்கொள்ளும்.

நின்ற எஞ்சினைச் சாவி போட்டுச் செல்ஃப் அடிக்காதீர்கள். நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் கியர் ஆயிலும் டீசலும் கலந்து இரண்டு மூடி ஊற்றி, ஒரு வாரம் விடுங்கள். பிறகு முன்னால் ஹேண்டில் போட்டுக் கையால் மெதுவாக அசைத்துப் பாருங்கள். சுற்றினால் உங்களுக்கு நல்ல நேரம். பிளக் போட்டு ஹேண்டில் அடிக்கும் நாள் வரும்போது, கட்டை விரலைப் பிடிக்கு மறுபக்கம் கொண்டுபோகாதீர்கள். ஐந்து விரலும் ஒரே பக்கம், கீழிருந்து மேலே இழுக்க வேண்டும், மேலிருந்து அழுத்தக் கூடாது. எஞ்சின் திருப்பி உதைத்தால் மணிக்கட்டு போய்விடும்.

கேஜ் வைத்துக் கம்ப்ரஷன் (சிலிண்டர் அழுத்தம்) பாருங்கள். நான்கு சிலிண்டருக்கும் இடையே 10 பவுண்டுக்குள் வித்தியாசம் இருந்தால் நிம்மதி. ஒன்று மட்டும் படுத்திருந்தால் அதில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு. எனக்கு மூன்றாவது சிலிண்டரில் ஏறவில்லை. ஹெட்டைக் கழற்ற வேண்டி வந்தது.

ஹெட் கழற்றுகிறவர்கள் எல்லோரும் மாட்டும் ஒரு பொறி இதில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் எல்லா போல்ட்டையும் கழற்றியும் ஹெட் அசையாது. ஒரு போல்ட் கார்புரேட்டருக்கு அடியில், காற்றுப் போகும் ஓட்டைக்குள் ஒளிந்திருக்கிறது. கார்புரேட்டரைத் தூக்கினால்தான் தெரியும். அது தெரியாமல் கடப்பாரை போட்டு நெம்பி ஹெட்டை உடைத்தவர்கள் உண்டு. திரும்ப மாட்டும்போதும் அதை மறந்துவிடாதீர்கள். டார்க் 60 முதல் 70 அடி-பவுண்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று சுற்றாக.

மற்ற அளவுகளைக் கொட்டகைச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறேன். ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-3-4-2. டிஸ்ட்ரிபியூட்டரின் பாயிண்ட் கேப் (இடைவெளி) 0.020 அங்குலம், பிளக் கேப் 0.030. வால்வு, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, இன்லெட் 0.018, எக்ஸாஸ்ட் 0.016. டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்) பிஸ்டன் உச்சிக்கு வர 5 டிகிரி முன்னால்.

போர் அடிப்பது (சிலிண்டரை அகலமாகக் கடைவது), கிராங்க் கிரைண்ட் செய்வது எல்லாம் வீட்டு வேலை இல்லை, எஞ்சினியரிங் ஒர்க்ஸில் கொடுங்கள். ஆனால் பிஸ்டன் கையில் வந்தபிறகே போர் அடிக்கச் சொல்லுங்கள். முதலில் போர் அடித்துவிட்டு அந்த ஓவர்சைஸ் பிஸ்டன் கிடைக்காமல் மாதக்கணக்கில் காத்திருப்பவர்களை நிறையப் பார்க்கலாம்.

எஞ்சின் ஆயில் சாதாரண மினரல் 20-40 அல்லது 20-50. மெல்லிய சிந்தெடிக் ஆயில் இதன் பழைய சீல்களில் எல்லாம் கசியும். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பிளக் இல்லாமல் சுற்றி, ஆயில் கேஜ் முள் எழும்பிய பிறகு பிளக் போடுங்கள்.

பெட்ரோல்

இப்போது பங்கில் போடும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். 1960களின் ரப்பருக்கும் கார்க்குக்கும் அது பகை. பம்ப்பின் உள்சவ்வான டயஃப்ரம் ஊதும், ஹோஸ் கரைந்து கார்புரேட்டர் ஜெட்டில் கறுப்பு மாவாக அடைக்கும். எத்தனாலைத் தாங்கும் ஹோஸ், டயஃப்ரம் கேட்டு வாங்குங்கள். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். ஏற்காட்டில் மழை மாதத்தில் பாதி டேங்க்கோடு வண்டியை நிறுத்தி வைத்தால் தண்ணீர் அடியில் தங்கும். நிறுத்துவதானால் காலியாக்குங்கள், அல்லது கழுத்து வரை நிரப்புங்கள்.

ஓட்டை டேங்க்கைப் பற்ற வைக்கச் சொல்லி வெல்டரிடம் நேராகக் கொடுக்காதீர்கள். காலி டேங்க்தான் வெடிக்கும். சோப்புத் தண்ணீரில் பலமுறை அலசி, வெல்டிங் வைக்கும் இடம் மட்டும் மேலே தெரியத் தண்ணீர் நிரப்பித்தான் கொடுக்க வேண்டும்.

கியரும் ஸ்டியரிங்கும்

மூன்று கியர் பெட்டியில் முதல் கியருக்குச் சிங்க்ரோ (கியர்களின் வேகத்தைச் சமமாக்கும் வளையம்) கிடையாது. ஓடும்போது போட்டால் கத்தும், அது பழுது இல்லை. கியர் ஆயில் 90 நம்பரில் ஜி.எல்.-4 கேளுங்கள். ஜி.எல்.-5 பித்தளை வளையங்களை அரிக்கும். ஸ்டியரிங் ஆட்டத்துக்கு உடனே பாக்ஸ் ஸ்க்ரூவை முறுக்காதீர்கள். கிங்பின் (முன் சக்கரம் திரும்பும் அச்சு), டை ராட் (இரு சக்கரங்களை இணைக்கும் கம்பி), நடுவில் இருக்கும் பெல் கிராங்க் மூன்றையும் ஒருவர் ஸ்டியரிங்கை ஆட்ட நீங்கள் அடியில் படுத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஆட்டம் அங்கேதான்.

துருவும் தகரமும்

சின்னப் பாகங்களுக்கு வீட்டுப் புளியே போதும். கெட்டியாகக் கரைத்து இரண்டு நாள் ஊறவைத்துத் தேய்த்தால் துரு போகும். என் அம்மாவின் பித்தளைச் சொம்பு வைத்தியம்தான். பிராக்கெட், சக்கரம் போன்றவற்றுக்கு மின்சார முறை: பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், அதில் சலவைச் சோடா, பேட்டரி சார்ஜரின் மைனஸ் முனை துருப்பிடித்த பாகத்தில், பிளஸ் முனை ஒரு சாதா இரும்புத் துண்டில். ராத்திரி முழுக்க விட்டால் காலையில் துரு கறுப்புச் சேறாகக் கழன்று வரும். திறந்த வெளியில் செய்யுங்கள், எழும்பும் வாயு ஹைட்ரஜன். சேலத்துக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை: உருக்காலை ஊர் என்பதால் எவர்சில்வர் வெட்டுத் துண்டு சுலபமாகக் கைக்கு வரும். அதைப் பிளஸ் பக்கம் வைக்காதீர்கள். அதிலுள்ள குரோமியம் கரைந்து தண்ணீர் விஷமாகும்.

சேஸிஸுக்கு மணல் வீச்சு சரி. பானெட், கதவு போன்ற தட்டைத் தகரத்துக்கு வேண்டாம், நெளிந்துவிடும். அரித்த இடத்தை நல்ல தகரம் வரும் வரை அறுத்தெடுத்து, அதே கனத்தில் புதுத் துண்டு வைத்து, ஒரு பொட்டு இங்கே ஒரு பொட்டு அங்கே என்று தள்ளித் தள்ளிப் பற்ற வையுங்கள். ஒரே ஓட்டமாக இழுத்தால் சூட்டில் தகரம் அலை அலையாக எழும்பும். டிங்கர் கையில் சுத்தியலைவிடப் பட்டி கத்தி அதிகம் தெரிந்தால் உஷார். பட்டி 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் நம் ரோட்டில் விரியும்.

பின்பாடிப் பலகை எஸ்டேட்டில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக். கையருகே இருந்த மரத்தைப் போட்டிருக்கிறார்கள், மழையில் உளுத்துப் போயிருந்தது. நான் வேங்கை போட்டேன். காப்பிச் செடிகளைப் பூந்தொட்டியில் மாற்றி வைத்திருக்கிறேன், ஒன்று பிழைத்தது.

வயரிங்

பழைய துணி சுற்றிய வயரில் ஒன்றையும் மிச்சம் வைக்க வேண்டாம். முழு ஹார்னெஸும் புதிதாக, ஃபியூஸ் பெட்டியோடு. பழைய 6 வோல்ட் வண்டியென்றால் 12க்கு மாற்றும்போது பேட்டரி, டைனமோ, ரெகுலேட்டரோடு பல்ப், காயில், கேஜ் எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டும். லைட் மங்கினால் முதலில் எர்த் (வயர் பாடி இரும்பில் சேரும் இடம்) பாருங்கள். புதுப் பெயிண்டின்மேல் எர்த் வயரை முறுக்கிவிட்டு டைனமோவைத் திட்டுவது வழக்கமான கூத்து.

பெயிண்ட், கடைசியாக

வண்டி ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் வரை பெயிண்ட் வேண்டாம். அதுவரை ஏதாவது ஒழுகும், ஏதாவது மறுபடி கழற்ற வேண்டிவரும். நான் பிரைமரோடு நான்கு மாதம் ஓட்டினேன். பார்த்தவர்கள் எல்லாம் பாதியில் காசு தீர்ந்துவிட்டதா என்று கேட்டார்கள், பாதி உண்மை. ரெட் ஆக்சைடு பிரைமர் ஈரத்தை உள்ளே விடும். மழையில் நிற்கப் போகும் வண்டியென்றால் எபாக்சி பிரைமர். ஐப்பசி, கார்த்திகையில் பெயிண்ட் வேலை வைக்காதீர்கள். ஈரக் காற்றில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் வெண்மையாகப் பூத்துவிடும். சேலத்தில் தை, மாசி நல்ல மாதம். பிக்கப்புக்கு மினுமினுப்பு எதற்கு? பளபளக்கும் தொட்டியில் மூட்டை ஏற்ற மனசு வராது. நான் மங்கிய பச்சை அடித்தேன்.

முதல் இறக்கம்

முதல் ஏற்றம் காலை ஆறு மணிக்குள். வெயில் ஏறினால் ரேடியேட்டரும் கொதிக்கும், பெட்ரோல் லைனில் ஆவி அடைத்து வண்டி இருமும். அப்படி நின்றால் பம்ப்பின்மேல் ஈரத்துணி போட்டுக் கால் மணி நேரம் காத்திருங்கள். ஒருவர் கூட இருக்க வேண்டும், கையில் சக்கரத்துக்கு முட்டு வைக்க இரண்டு மரக்கட்டை.

இறங்கும்போது, எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். எஞ்சின் பிடிக்கட்டும், பிரேக்கை வளைவுக்கு முன் விட்டு விட்டு மிதியுங்கள். காலை அதன்மேலேயே வைத்துக்கொண்டு வந்தால் பாதி மலையில் லைனிங் வாசனை வரும். வந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், டிரம் விரிசல் விடும்.

அடிவாரத்தில் நிறுத்தியதும் இறங்கி, ஒவ்வொரு சக்கரத்தின் டிரம் பக்கமும் புறங்கையைக் கிட்டே கொண்டுபோங்கள், தொட வேண்டாம். நான்கும் ஏறக்குறைய ஒரே சூடாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கொதித்தால் அது உரசிக்கொண்டே வந்திருக்கிறது. ஒன்று மட்டும் ஆறிக் கிடந்தால் அது வேலையே செய்யவில்லை. என் வண்டியில் பின் இடது டிரம் சில்லென்றிருந்தது. வீட்டுக்கு மெதுவாக உருட்டி வந்து, அடுத்த ஞாயிறு மறுபடி புல்லரை எடுத்தேன்.